'தாகூர்' பார்த்தவன் சாட்சிக் கூண்டில் ஏறியபோது

லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கடத்தித் தண்டிக்கும் பேராசிரியரின் கதையை இரண்டு மொழிகளில் பார்த்தவன் நான். 2002 தீபாவளிக்கு வந்த 'ரமணா'வை வேலூரில் பார்த்தேன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே கதை சிரஞ்சீவி நடிப்பில் தெலுங்கில் 'தாகூர்' ஆனபோது, வங்கி என்னை ஹைதராபாத்துக்கு மாற்றியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, நிஜமான லஞ்ச வழக்கொன்றில் சுயேச்சைச் சாட்சியாக நிற்கும் வேலையும் வந்து சேர்ந்தது. சினிமா காட்டிய நீதியையும் நீதிமன்றம் நடத்திய நீதியையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. லஞ்சம் கேட்கப்பட்டு விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், திடீரென்று சாட்சியாக அனுப்பப்படும் அரசு, வங்கி ஊழியர்களுக்கும் இதில் கொஞ்சம் பயன் இருக்கும்.

முதலில் படம். முருகதாஸ் எழுதிய கதையின் எலும்புக்கூட்டை இயக்குநர் வி.வி. விநாயக் அப்படியே வைத்துக்கொண்டார். வசனம் பருச்சூரி சகோதரர்கள், இசை மணிசர்மா. பதினைந்து தாசில்தார்கள் காணாமல் போகிறார்கள். பதினான்கு பேர் உயிரோடு திரும்புகிறார்கள். அதிகம் வாங்கிய ஒருவர் பிணமாகக் கிடைக்கிறார். தெலுங்கில் அவர்கள் எம்.ஆர்.ஓ.க்கள், அதாவது மண்டல வருவாய் அதிகாரிகள். 1980களின் நடுவில் என்.டி. ராமாராவ் ஆட்சி, பெரிய தாலுகாக்களைப் பிரித்துச் சிறிய மண்டலங்களை உண்டாக்கியது. அதிகாரி மக்களுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்பது நோக்கம். பக்கத்தில் வந்தது உண்மைதான். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என எதற்கெடுத்தாலும் ஏறி இறங்க வேண்டிய வாசல் எம்.ஆர்.ஓ. அலுவலகம் ஆயிற்று. அதனால் அந்த மூன்று எழுத்துகள் திரையில் ஒலித்ததுமே ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் தியேட்டரில் எழுந்த சத்தம் வேலூரில் நான் கேட்காதது. வேலூரில் விசில் நாயகனுக்குக் கிடைத்தது. இங்கே செத்துப்போன அதிகாரிக்காகவும் விசிலடித்தார்கள்.

காகிதத் துண்டுகளை வாரி இறைப்பதும் கட்-அவுட்டுக்குத் தேங்காய் உடைப்பதும் தமிழனுக்குப் புதிதல்ல. எனக்குப் புதிதாக இருந்தது வேறு. விஜயகாந்தின் ரமணா பெரும்பாலும் அசையாமல் நிற்பார். கண் சிவக்கும், குரல் தாழும், அவ்வளவுதான். சிரஞ்சீவியை அப்படி நிற்க வைக்க முடியாது. ஆட வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், ஸ்ரேயாவோடு பாட்டுப் பாட வேண்டும். கொலை செய்யும் ஆசிரியருக்கு இத்தனை கலகலப்பு எதற்கு என்று அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தக் கலகலப்புதான் படத்தின் தந்திரம். சிரிக்க வைத்தவன் கழுத்தை நெரிக்கும்போது நாம் கேள்வி கேட்பதில்லை.

பாட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டலாம். மகாகவி ஸ்ரீஸ்ரீயின் 'நேனு சைதம்' (நானும்கூட) என்ற வரியை எடுத்துக்கொண்டு சுத்தால அசோக் தேஜா எழுதிய பாடல் அது. சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதைப் பெற்றது. ஸ்ரீஸ்ரீயே 'அல்லூரி சீதாராமராஜு' படப் பாடலுக்காக அதே விருதைப் பெற்றவர். தெலுங்குப் புரட்சிக் கவிதையின் சொத்தை வணிகப் படம் எடுத்து ஆண்டது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எங்கள் கிளையில் இருந்த தோழர் ஒருவர் படத்தைத் திட்டிவிட்டு அந்தப் பாட்டை மட்டும் முணுமுணுப்பார்.

முடிவில்தான் இரு படங்களும் பிரிகின்றன. ரமணா தூக்கு மேடைக்குப் போகிறார். தாகூருக்குச் சில ஆண்டு சிறைத் தண்டனையோடு விட்டுவிடுகிறார்கள். இந்தியில் 2015-இல் வந்த 'கப்பர் இஸ் பேக்' மறுபடி தூக்குக்கே திரும்பியது. சிரஞ்சீவி சாவதை ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் தமிழ் முடிவில் ஒரு நேர்மை இருந்தது: கொன்றவன் அதற்கான விலையைக் கொடுக்கிறான். அந்த விலையைக் குறைத்ததும் கதை சொல்லும் செய்தியே நழுவிவிடுகிறது. இது என் கருத்து. ஹைதராபாத் நண்பர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். லஞ்சத்தைத் தனியாளாக ஒழிக்கும் நாயகன் தெலுங்குக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவன். 'இந்தியன்' அங்கே 'பாரதீயுடு' ஆனது, 'அந்நியன்' 'அபரிசித்துடு' ஆனது. தெலுங்குக்கே உரிய பழிவாங்கும் கதை என்றால் எனக்கு 1985-இல் டி. கிருஷ்ணா இயக்கிய 'பிரதிகடனா'தான். அதில் விஜயசாந்தி ஒரு கல்லூரி ஆசிரியை. ரவுடி அரசியல்வாதியை எதிர்த்துச் சாட்சி சொல்ல முன்வந்ததற்காக நடுத்தெருவில் அவமானப்படுத்தப்படுகிறாள். சட்டம் கைவிட்ட பிறகே கோடரியை எடுக்கிறாள். தமிழில் அது 'பூ ஒன்று புயலானது' என்ற பெயரில் ஓடியது. அதில் வரும் பயம் நிஜமான சாட்சிகளின் பயம். நான் சாட்சியாகப் போன காலத்தில் எனக்கு நினைவுக்கு வந்ததும் 'தாகூர்' அல்ல, இந்தப் படம்தான்.

மத்திய அரசு ஊழியர் மீது லஞ்சப் புகார் வந்து சி.பி.ஐ. பொறி வைக்கும்போது, அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு பேரைச் சாட்சிகளாக வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பொதுத்துறை வங்கி, காப்பீட்டு நிறுவனம், மத்திய அரசு அலுவலகங்களிலிருந்து அழைப்பார்கள். அரசு ஊழியர் சாட்சியானால் பின்னால் விலைபோகமாட்டார், சம்மன் அனுப்பினால் கண்டுபிடிக்கவும் முடியும் என்பது காரணம். எங்கள் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு மாலையில் தகவல் வந்தது: மறுநாள் காலை இன்ன இடத்துக்கு நீங்களும் இன்னொருவரும் போக வேண்டும், எதற்கென்று யாரிடமும் சொல்லக் கூடாது. வீட்டில் மட்டும் பயிற்சி வகுப்பு என்று சொன்னேன். மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார்களை மாநில லஞ்ச ஒழிப்புத் துறை பார்த்துக்கொள்ளும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அங்கே இப்படி அமர்த்தப்படும் சாட்சிகளை 'மத்தியவர்த்துலு' என்பார்கள்.

போன இடத்தில் புகார்தாரர் ஒரு சிறு ஒப்பந்ததாரர். செய்து முடித்த வேலைக்கான பில்லை ஓர் அதிகாரி நிறுத்தி வைத்திருந்தார். அவர் கேட்ட தொகையை ஒப்பந்ததாரர் புகாரில் எழுதிக் கொடுத்திருந்தார். புகார் வந்தவுடன் நோட்டில் பவுடர் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவதில்லை. அதிகாரி உண்மையிலேயே கேட்கிறாரா என்று முதலில் சரிபார்த்திருந்தார்கள். புகார்தாரரிடம் சிறிய குரல் பதிவுக் கருவி கொடுத்து அனுப்பிப் பேச்சைப் பதிவு செய்திருந்தார்கள். அதைக் கேட்ட பிறகே வழக்குப் பதிவானது. பொய்ப் புகாரை அங்கேயே வடிகட்டும் இந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது. சினிமாவில் கடத்தல் வேன் நேராக வந்து நிற்கும். இப்படிச் சரிபார்ப்பதைக் காட்ட அரை நிமிடம்கூட ஒதுக்கமாட்டார்கள்.

பிறகு நோட்டுகள். புகார்தாரர் கொண்டுவந்த பணத்தின் வரிசை எண்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டோம். வங்கிக்காரனுக்கு இது பழகிய வேலை. எனக்கும் கூட வந்தவருக்கும் அந்தப் பொறுப்பே வந்து விழுந்தது. நோட்டுகளின் மேல் பினாப்தலின் பவுடரைத் தடவினார்கள். வெள்ளைத் தூள், வாசனை கிடையாது. அந்த நோட்டைத் தொட்ட விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும். எங்கள் இருவரில் ஒருவரைத் தொடச் சொல்லி, கண்ணாடி டம்ளரில் விரலை முக்கச் சொல்லிக் காட்டினார்கள். பள்ளியில் செய்த பரிசோதனைதான், அமிலம் காரம் பாடம். பிறகு அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டார்கள். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டோம். மிச்சமிருந்த பவுடர் அந்த இடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. நடந்தது முழுவதையும் எழுதி அனைவரும் கையெழுத்திட்டோம்.

புகார்தாரருக்குச் சொன்ன அறிவுரைகளைக் கவனமாகக் கேட்டேன். லஞ்சம் கேட்கப்பட்ட எவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை அவை. அதிகாரி தாமாகக் கேட்டால் மட்டுமே பணத்தை எடுக்க வேண்டும். 'சார், கொண்டுவந்திருக்கிறேன்' என்று இவராக நீட்டிவிட்டால் வழக்கே ஆட்டம் காணும். அதற்கு முன் அவரோடு கை குலுக்கவும் கூடாது. கேட்டதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வைக்கக் கூடாது, பேரம் பேசி அவரை இழுக்கவும் கூடாது. கொடுத்து முடித்ததும் ஒரு சைகை. எங்கள் வழக்கில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வது. நான் நிழல் சாட்சி. அதாவது புகார்தாரரோடு கூடவே போய், பேச்சைக் கேட்டு, கைமாறுவதைப் பார்க்க வேண்டியவன். உறவினர் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அறையில் நடந்தது சில நிமிடங்கள். அதிகாரி குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. காபி வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். பில்லைப் பற்றிப் பேசினார், மகளின் கல்லூரியைப் பற்றிப் பேசினார், பிறகு சாதாரணமாக 'கொண்டுவந்தீர்களா?' என்றார். படத்தில் சாயாஜி ஷிண்டே உறுமியதைப் பார்த்துப் பழகிய எனக்கு இதுதான் அதிர்ச்சி. நிஜ லஞ்சம் மிக மரியாதையாகக் கேட்கப்படுகிறது. அந்த ஆளை எனக்குப் பிடித்துக்கூடப் போயிற்று.

சைகை கிடைத்ததும் அதிகாரிகள் உள்ளே வந்து இரு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார்கள். வலக்கையைத் தனியாக, இடக்கையைத் தனியாகக் கரைசலில் முக்கினார்கள். இரண்டும் சிவந்தன; எண்ணியிருக்கிறார் என்று பொருள். பணம் வைத்த சட்டைப் பையைத் திருப்பி இன்னொரு டம்ளரில் முக்கினார்கள். ஒவ்வொரு கரைசலையும் தனிப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். லேபிள்களில் நாங்கள் கையெழுத்திட்டோம். மேசையில் கிடந்த நோட்டுகளின் எண்களை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது. ஒரு விவரம் எந்தப் படத்திலும் நான் பார்க்காதது: அரக்கில் அழுத்திய பித்தளை முத்திரையைச் சாட்சிகளில் ஒருவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். பாட்டிலைப் பிரித்து மாற்றி மறுபடி முத்திரையிட விசாரணை அதிகாரியின் கையில் முத்திரை இருக்கக் கூடாது அல்லவா? அது என் வீட்டு பீரோவில், மனைவியின் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தது. வீடு மாறியபோதெல்லாம் முதலில் அதைத்தான் தேடுவேன்.

ஆம், பல ஆண்டுகள். ஆய்வக அறிக்கை, குரல் மாதிரி ஒப்பீடு, பிறகு வழக்குத் தொடரத் துறையின் அனுமதி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி அந்த அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. படத்தில் இடைவேளைக்குள் முடிகிற காரியம். கூட வந்த சாட்சி அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு இரண்டு முறை மாற்றல் வந்துவிட்டது. சம்மன் வந்தபோது நான் வேறு மாநிலத்தில் இருந்தேன்.

ஹைதராபாத் நாம்பள்ளியில் சி.பி.ஐ. வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம். அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வது எளிது. நடந்ததை வரிசையாகச் சொன்னால் போதும். குறுக்கு விசாரணைதான் மனிதனைப் பிழியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வயதானவர், குரலில் எரிச்சலே கிடையாது. நீங்கள் தமிழர்தானே, தெலுங்கு எங்கே படித்தீர்கள் என்று தொடங்கினார். வங்கிக் கவுன்ட்டரிலும் சினிமாவிலும் என்றேன். வங்கிக் கவுன்ட்டர் மட்டும் பதிவாயிற்று. அப்படியானால் 'கொண்டுவந்தீர்களா' என்றது பணத்தைத்தான் என்று எப்படித் தெரியும், பில்லின் நகலாக இருக்கக் கூடாதா என்றார். அவர் வலக்கையால் வாங்கினாரா, இடக்கையாலா? மேசைமேல் புகார்தாரர் வைத்துவிட்டுப் போனதை ஒதுக்கி வைக்கத்தான் தொட்டாரோ? ஆவணத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டீர்களா, நீட்டிய இடத்தில் போட்டீர்களா? சி.பி.ஐ. சொன்னபடி கேட்காவிட்டால் வேலைக்கு ஆபத்து என்ற பயம் இருந்ததா?

ஒவ்வொரு கேள்வியும் அந்த நேரத்தில் அவமானமாக இருந்தது. வெளியே வந்து இரானி ஓட்டலில் டீ குடித்தபோது வேறு மாதிரி தோன்றியது. கேட்டவை எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பப் போகிறோம். அவர் ஒதுக்கி வைக்கத்தான் தொட்டாரா என்று கேட்க ஒருவர் வேண்டும். 'தாகூரில்' எல்லாம் இருக்கிறது. எல்லாத் துறைகளிலும் முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், கோப்புகளின் நகல் இருக்கிறது, யார் எவ்வளவு வாங்கினார் என்ற தரவரிசை இருக்கிறது. லஞ்சம் கொடுக்காததால் பதவி உயர முடியாத கான்ஸ்டபிளாகப் பிரகாஷ்ராஜ் வந்து, கெட்டவர்களை விட்டுவிட்டு வாங்காத அதிகாரிகளைத் தேடிப்போய் நூலைப் பிடிக்கும் அழகும் இருக்கிறது; தமிழில் யூகிசேது செய்த வேடம், கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாதது, அந்தப் பட்டியலைப் பார்த்து 'வலக்கையா, இடக்கையா' என்று கேட்கும் வழக்கறிஞர். பட்டியலில் முதலிடம் பெற்றவர் உண்மையிலேயே முதலிடம்தானா என்று திரையில் யாரும் கேட்பதில்லை. கதாசிரியர் சொல்லிவிட்டார், நாம் நம்பிவிட்டோம்.

சாட்சியாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆவணத்தை எவ்வளவு நேரமானாலும் முழுக்கப் படித்தே கையெழுத்துப் போடுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லிப் பக்கத்தில் சுருக்கொப்பமிடுங்கள். அன்றைக்குக் களைப்பில் 'போட்டுவிட்டுப் போகலாம்' என்று தோன்றும். பல ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரிதான் உங்களைக் கூண்டில் வைத்து வாட்டும். யார் எங்கே உட்கார்ந்திருந்தார், கதவு எந்தப் பக்கம், மேசையில் என்ன இருந்தது என்பதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் அங்கிருந்துதான் வரும். சாட்சியம் அளிக்கும் முன் உங்கள் பழைய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கேட்டுப் படியுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லுங்கள்; வழக்குக்கு உதவுவதாக நினைத்து இட்டு நிரப்பினால் அதுவே ஓட்டையாகும். கேள்விக்கு மட்டும் பதில், ஒரு வார்த்தை கூடுதலாக வேண்டாம்.

லஞ்சம் கேட்கப்பட்டவர்களுக்கு முக்கியமான ஒன்று உண்டு. 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி. ஏழாண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தினால் கொடுத்துவிட்டால் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, அவர்களோடு சேர்ந்து கொடுத்தால் குற்றமே இல்லை. ஆகவே முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு மனம் வெதும்புவதைவிட, கேட்ட அன்றே போய்ச் சொல்வது நல்லது. தெலங்கானாவில் மாநில ஊழியர்கள் மீது புகார் செய்யக் கட்டணமில்லா எண் 1064. புகார் செய்யப் போகும்போது விண்ணப்பத்தின் நகல், ஒப்புகைச் சீட்டு, பேசிய நாள், நேரம் எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். உங்கள் வேலை உண்மையிலேயே அந்த அதிகாரியிடம் நிலுவையில் இருக்கிறது என்பதைக் காகிதம் காட்ட வேண்டும். அதிகாரியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மேலிடத்து முன் அனுமதி தேவையில்லை. அது தேவை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

புகார்தாரர் கடைசிவரை நிற்பாரா என்பதும் பெரிய கேள்வி. அதிகாரி கேட்டார், வாங்கினார் என்ற இரண்டையும் நிரூபித்தே ஆக வேண்டும். கை சிவந்தது மட்டும் போதாது. புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ் சாட்சியானாலோ மற்றச் சான்றுகளிலிருந்து அதை ஊகித்தறியலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. எங்கள் வழக்கு அதற்கு முந்தையது. எங்கள் ஒப்பந்ததாரர் பிறழவில்லை. ஆனால் நீதிமன்ற வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னது மறக்காது: அந்தத் துறையில் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. 'பிரதிகடனா'வின் ஆசிரியை கோடரி எடுத்ததன் காரணம் எனக்கு அந்த வராந்தாவில்தான் முழுதாகப் புரிந்தது. புரிந்தது என்பதற்காக அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று கொள்ள வேண்டாம்.

ஏனென்றால் 2019 வந்தது. நவம்பர் 4-ஆம் தேதி ஹைதராபாத் அருகே அப்துல்லாபூர்மெட்டில் ஒரு பெண் தாசில்தாரை அவரது அலுவலக அறையிலேயே பெட்ரோல் ஊற்றி எரித்துக் கொன்றான் ஒருவன்; நில விவகாரம். காப்பாற்றப் போன ஓட்டுநரும் இறந்தார், தீ வைத்தவனும் தீக்காயத்தில் இறந்தான். ஆந்திராவின் பத்திகொண்டாவில் ஒரு தாசில்தார் தம் மேசைக்கும் மனு கொடுக்க வருபவர்களுக்கும் இடையே கயிறு கட்டிவிட்டார். தியேட்டரில் எம்.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்துக்குக் கிடைத்த விசிலைக் கேட்டவன் நான். அந்தப் படத்துக்கும் இந்தக் கொலைக்கும் நேர்க்கோடு இழுக்கமாட்டேன். சினிமா பார்த்துவிட்டு எவரும் பெட்ரோல் வாங்கப் போவதில்லை. ஆனால் செய்தி வந்த அன்று, எங்கள் அலுவலகத்திலேயே 'எவ்வளவு கேட்டிருப்பாரோ' என்று ஒருவர் சொன்னார். இறந்தவர் ஒரு ரூபாய் கேட்டார் என்று நிரூபிக்க அப்படிச் சொன்னவரிடம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து டிசம்பர் 6 அதிகாலையில், கால்நடை மருத்துவரான இளம்பெண்ணை வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரைச் சட்டான்பள்ளியில் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஊரே கொண்டாடியது. காவலர்கள் மேல் பூ தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது சொன்னது. வழக்கு நடந்திருந்தால் முதல் நாளே எழுந்திருக்க வேண்டிய கேள்வி வயது. அந்த நாளே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்காக 'தாகூரை' இனிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வந்தால் உட்கார்ந்துவிடுகிறேன். இறந்துபோனவரின் உடலைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அவருக்குச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லிப் பணம் கறப்பதை அம்பலப்படுத்தும் அந்தக் காட்சி இன்றைக்கும் சரியாக அடிக்கிறது. தெலுங்குச் செய்திகளில் மருத்துவமனைக் கட்டணத் தகராறு வந்தால் 'தாகூர் சினிமா காட்சி போல' என்று எழுதும் அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. அந்தக் காட்சியில் கொலை இல்லை, கடத்தல் இல்லை. ரசீதுகளைச் சேர்த்து வைத்து எதிரியின் வாயாலேயே பொய்யை வரவழைக்கிறார். அதாவது, பொறி. படத்தில் மிக நன்றாக வந்த காட்சி சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றாக அமைந்ததை இயக்குநர் யோசித்து வைத்தாரா என்று தெரியாது.

எங்கள் வழக்கில் அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் இருப்பதாகக் கடைசியாகக் கேள்விப்பட்டேன். பித்தளை முத்திரையை நீதிமன்றத்தில் ஒப்படைத்த அன்று அதற்கான குறிப்பு பதிவானதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒப்படைக்கிறவர்கள் இதை விடக் கூடாது. சம்மன் வந்தவுடன் நகல் எடுத்துக் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். அது அலுவல் பணியாகக் கணக்கிடப்படும், சொந்த விடுப்பு எடுக்கத் தேவையில்லை. நீதிமன்றத்தில் வருகைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பயணப்படி பில் கணக்குப் பிரிவில் நின்றுவிடும்.